தோர்ணக்கல் பேராயர்: அசரியாவுக்கு அந்த ஊர் ஏன் கிடைத்தது?

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் 38 வயதுத் தமிழர் ஒருவரை இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஊர் வெள்ளாளன்விளை, அன்றைய திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். அவருடைய திருமண்டலம், அதாவது பேராயராக அவர் பொறுப்பேற்ற பகுதி, ஹைதராபாத் ராஜ்ஜியத்தில் இருந்த தோர்ணக்கல்.

நம் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 'முதல்' என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் முதலாமவர் என்றால் அடுத்தவர் யார் என்று கேட்க வேண்டாமா? 1945இல் அசரியா இறக்கும்வரை, 32 ஆண்டுகள், இந்தியாவில் எந்த ஆங்கிலிக்கன் திருமண்டலத்துக்கும் வேறு ஓர் இந்தியர் தலைவராகவில்லை. உதவிப் பேராயர்களாகச் சிலரை வைத்தார்கள், அவ்வளவுதான். அவர் இறந்தபோது தோர்ணக்கலில் அவருடைய இடத்துக்கு வந்தவரும் ஓர் ஆங்கிலேயர், ஏ. பி. எலியட். திறந்த கதவு ஒருவர் நுழைந்ததும் மூடிக்கொண்டது. அது ஏன் என்று பார்த்தால் அசரியாவின் வாழ்க்கையும் புரியும், அந்தக் காலத்துத் திருச்சபையின் குணமும் புரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயர் என்பவர் மதத் தலைவர் மட்டுமில்லை, பாதி அரசாங்க அதிகாரி. 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, பாராளுமன்றம் கல்கத்தாவில் ஒரு பேராயரை வைக்க வழி செய்தது. மறு ஆண்டு தாமஸ் மிடில்டன் வந்து சேர்ந்தார். பேராயரை நியமிப்பது அரசர், சம்பளம் தருவது இந்திய வரிப்பணம். கல்கத்தாவின் எல்லைக்குள் ஒரு காலத்தில் இலங்கையும் இருந்தது, ஆஸ்திரேலியாகூட இருந்தது. இரண்டாவது பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826இல் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்தார். 1835இல்தான் சென்னைக்கென்று தனிப் பேராயர் வந்தார். அரசு விருந்தில் யாருக்கு அடுத்து யார் உட்கார வேண்டும் என்ற வரிசையில்கூடப் பேராயருக்கு ஓர் இடம் உண்டு. 1930 வரை இந்தக் கட்டு அவிழவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாற்காலியில் இந்தியர் ஒருவரை உட்கார வைப்பது என்றால், வெள்ளைக்கார கலெக்டரும் பட்டாளத்துக் கர்னலும் அவர் முன்னால் மண்டியிட்டு ஆசி வாங்க வேண்டும். பிரச்சினை அங்கேதான் இருந்தது. இறையியலில் அதற்கு எந்தத் தடையும் கிடையாது.

திருநெல்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலேயே ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள் அதிகம் இருந்த பகுதிகளில் ஒன்று. கிராமத்துக்குக் கிராமம் சபை, பள்ளிக்கூடம், தமிழ்க் குருவானவர்கள். 1877இல் அங்கே இரண்டு உதவிப் பேராயர்களை வைத்தார்கள்: எஸ்.பி.ஜி. மிஷனுக்கு ராபர்ட் கால்டுவெல், சி.எம்.எஸ். மிஷனுக்கு எட்வர்டு சார்ஜென்ட். இரண்டும் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கங்கள். 1896இல் தனித் திருமண்டலமே ஆக்கினார்கள், பேராயராக சாமுவேல் மார்லி வந்தார். மூவருமே வெள்ளைக்காரர்கள். தகுதியுள்ள தமிழர் இருக்கிறாரா என்று யாரும் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கால்டுவெல் என்றதும் நமக்கு ஒப்பிலக்கணம்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு சிறுநூலும் எழுதியிருந்தார். அந்த மக்களின் அறிவுத்திறனை மிகத் தாழ்வாக மதிப்பிட்ட நூல் அது. பின்னாளில் அந்தச் சமூகத்தில் படித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நூல் வந்து 25 ஆண்டுகளில், 1874 ஆகஸ்ட் 17 அன்று, அதே சமூகத்தில், அதே வட்டாரத்தில் அசரியா பிறந்தார்.

அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமத்துப் போதகர். இந்துக் குடும்பத்தில் பிறந்து, சி.எம்.எஸ். பள்ளிக்கூடத்தில் படித்து, கிறிஸ்தவரானவர். அம்மா எலன் கண்டிப்பும் பக்தியும் நிறைந்தவர். நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை. அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாதான் வளர்த்தார். மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளி, திருநெல்வேலி, அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கணிதத்தில் கெட்டிக்காரர். இருந்தும் கடைசிப் பரீட்சை நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனதால் பி.ஏ. பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

கல்லூரியை விட்டதும் 1895இல் கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்த வேலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். காரணம் எளிது. மிஷன் பங்களாவில் வெள்ளைக்காரர் நாற்காலியில் இருப்பார், உபதேசியார் வாசலில் நிற்பார். ஒய்.எம்.சி.ஏ.வில் அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. அங்கே ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் நடுவே இப்படி ஒரு நட்பு இருக்க முடியும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டதால்தான், அது இல்லாத இடங்கள் அவருடைய கண்ணை உறுத்தின.

1898இல் அன்பு மரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புவரை போன முதல் சிலரில் ஒருவர் அவர். வரதட்சணை வாங்காத கல்யாணம். திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் இன்றைக்கும் அது செய்தியாகத்தான் இருக்கும்.

1902இல் யாழ்ப்பாணம் போன இடத்தில் அசரியாவுக்கு ஒரு கூச்சம் ஏற்பட்டது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே ஒரு மிஷனரி சங்கம் வைத்து, தங்கள் காசில் ஆள் அனுப்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கே? கடலுக்கு இந்தப் பக்கம், இராமநாதபுரம் சீமையிலுள்ள தொண்டியில்! நம் கரைக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மிஷனரி அனுப்புகிறார்கள், இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபையோ இங்கிலாந்திலிருந்து யார் வருவார்கள் என்று வழி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. அதிலும் அசரியா முன்னணியில் இருந்தார், சேலத்துக்காரரான கே. டி. பாலும் கூட இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்: இதுதான் கொள்கை. சுதேசி இயக்கம் வங்காளத்தில் பற்றி எரிந்துகொண்டிருந்த வருடம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் வீசியது என்று தெரியும்.

திருநெல்வேலி சங்கம் தேர்ந்தெடுத்த களம் நிஜாமின் ஹைதராபாத் ராஜ்ஜியத்தில் இருந்த தோர்ணக்கல். ரயில் பாதை பிரிகிற ஒரு சின்ன ஊர். பேசுவது தெலுங்கு. சங்கத்தின் செயலாளராக மற்றவர்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்த அசரியாவுக்கு, தான் மட்டும் நாற்காலியில் இருப்பது சரியாகப் படவில்லை. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக் கூட்டப் படித்துக்கொண்டு தானே கிளம்பிப் போனார். ஆக, பேராயராவதற்கு முன்பே தோர்ணக்கல் அவர் தேர்ந்துகொண்ட ஊர். பின்னால் அவரைப் பேராயராக்க நினைத்தவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. அந்த வசதிக்கு ஆப்பிரிக்காவில் ஒரு முன்கதை உண்டு.

அஜாயி என்ற யொருபாச் சிறுவன், இன்றைய நைஜீரியாவைச் சேர்ந்தவன், 1821இல் அடிமை வியாபாரிகளிடம் அகப்பட்டான். மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை அவனை ஏற்றிச் சென்ற கப்பலை மடக்கி, அவனைச் சியரா லியோனில் இறக்கிவிட்டது. அங்கே படித்து, ஞானஸ்நானம் பெற்று, சாமுவேல் அஜாயி குரோதர் ஆனான். பிறகு குருவானவர், யொருபா மொழிபெயர்ப்பாளர், மொழி அறிஞர். சி.எம்.எஸ். செயலாளர் ஹென்றி வென் அவரைப் பேராயராக்க நினைத்தார். தன்னைத் தானே நடத்தி, தன் செலவைத் தானே பார்த்து, தானே வளரும் சபை வேண்டும், மிஷனரி அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பது வென்னின் கொள்கை. 1864இல் கேன்டர்பரியில் குரோதர் அபிஷேகம் பெற்றார். ஆனால் எந்த எல்லைக்கு? அரசியாரின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு! லாகோஸ் அவருக்குக் கிடையாது. அவருடைய சொந்த மக்கள் வாழ்ந்த அபயோகுட்டாவும் கிடையாது, அங்கிருந்த வெள்ளைக்கார மிஷனரிகள் ஓர் ஆப்பிரிக்கருக்குக் கீழே வேலை செய்யச் சம்மதிக்கவில்லை.

வென் 1873இல் இறந்தார். அதன்பின் இங்கிலாந்திலிருந்து புதுத் தலைமுறை இளைஞர்கள் குரோதரின் பொறுப்பிலிருந்த நைஜர் ஆற்று மிஷனுக்கு வந்தார்கள். பக்தி மிகுந்தவர்கள், பொறுமை குறைந்தவர்கள். 1890இல் ஒனிட்ஷாவில் கூடிய கமிட்டியில், எண்பது வயதுப் பேராயரின் கண்ணெதிரே அவருடைய ஆப்பிரிக்க ஊழியர்களை ஒழுக்கக் குறைவு என்று சொல்லி நீக்கினார்கள். குரோதர் கமிட்டியிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31 அன்று இறந்தார். அவருடைய இடத்துக்கு ஓர் ஐரோப்பியரைப் போட்டார்கள். அதற்கு அடுத்து ஓர் ஆப்பிரிக்கர் அங்கே திருமண்டலம் ஒன்றுக்குத் தலைவராக ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

இதற்குப் பின் உள்ளூர்க்காரரைப் பேராயராக்கலாமா என்ற பேச்சு எங்கே வந்தாலும், குரோதர் கதையை எடுத்துக்காட்டி 'பார்த்தீர்களா, இன்னும் காலம் வரவில்லை' என்று சொல்வது சுலபமாகிவிட்டது. குரோதரைத் தோற்கடித்தவர்கள் யார் என்பது வசதியாக மறந்துபோனது.

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1200 பேர் பங்கேற்றார்கள். ஆசியர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் இருபதைத் தாண்டாது. அவர்களில் ஒருவர் அசரியா. வெளிநாட்டு மிஷனரிகளும் உள்நாட்டு ஊழியர்களும் சேர்ந்து உழைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் நயமாகத் தொடங்கினாலும் விஷயத்தை மறைக்கவில்லை. இந்தியாவில் ஐரோப்பிய மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள உறவு இருக்க வேண்டியபடி இல்லை, அது எஜமான், வேலைக்காரன் உறவாகவே பெரும்பாலும் இருக்கிறது என்றார். கை குலுக்குவதும், நாற்காலி போடுவதும், டீ கொடுப்பதும் அதற்காகவே வேண்டும் என்று கேட்கவில்லை. நட்பின் அடையாளமாக வருமானால் அவை எல்லாமும் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும் என்றார். முடிக்கும்போது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அன்பின் அதிகாரத்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், 'எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!'

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலருக்குக் கோபம், சிலருக்கு வெட்கம். வேத வசனத்தையே எடுத்து அடித்ததுதான் அந்தப் பேச்சின் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது. அந்த அதிகாரத்தின்படி, அன்பு இல்லாவிட்டால் ஆஸ்தியைக் கொடுத்தும் பிரயோஜனம் ஒன்றுமில்லை. மிஷனரிகளின் தியாகத்தை முழுசாக ஒப்புக்கொண்டே, அது போதாது என்று அவர்களுடைய வேதத்தைக் கொண்டே சொல்லிவிட்டார். மறுத்துப் பேச வழி ஏது?

அவரைப் பேராயராக்க முன்நின்றவர் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட். தத்துவ அறிஞர் ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன். தெலுங்குக் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாகச் சபையில் சேர்ந்துகொண்டிருந்த நேரம். சென்னையில் உட்கார்ந்து அதை நடத்த முடியாது, வெள்ளைக்காரர் ஒருவர் போய்ப் பங்களா கட்டினாலும் நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்ப்பு பல திசையிலிருந்தும் வந்தது. வெள்ளைக்கார மிஷனரிகள் பலர், இன்னும் காலம் வரவில்லை என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். திருநெல்வேலியிலிருந்தே வந்த எதிர்ப்பு வேறு ரகம். வேளாளக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர், நாடார் ஒருவர் பேராயராவதை ஏற்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கி இரண்டு மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள்! சபைக்குள் சாதி எப்படிக் குடியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் சாதியைக் காரணம் காட்டித் தங்கள் தயக்கத்தை நியாயப்படுத்தினார்கள், சாதி பார்த்தவர்களோ வெள்ளைக்காரர் நாற்காலியில் இருந்தாலே நல்லது என்று நினைத்தார்கள். இருவருக்கும் ஒத்துப்போனது.

இந்த நெருக்கடிக்குத் தோர்ணக்கல் விடையாக அமைந்தது. பிரிட்டிஷ் எல்லைக்கு வெளியே, நிஜாம் மண்ணில் இருந்த ஊர். அங்கே வேலை நடத்துவது இந்தியர்களின் சங்கம். வெள்ளைக்காரக் குருக்கள் இந்தியருக்கு அடங்கி நடக்க வேண்டிய சங்கடம் ஆரம்பத்தில் அநேகமாக இல்லை. கலெக்டரும் கர்னலும் அந்தப் பக்கம் கிடையாது. நைஜருக்குக் குரோதரை அனுப்பிய அதே கணக்கு. நாற்காலியைக் கொடுத்தார்கள், அதை ஓரமாகப் போட்டார்கள்.

அபிஷேகம் செய்து வைத்த கல்கத்தா மெட்ரோபாலிட்டன் (தலைமைப் பேராயர்) ரெஜினால்டு கோப்பிள்ஸ்டன் அதற்கு முன் கொழும்பில் பேராயராக இருந்தவர். முப்பது வயதில் அந்தப் பதவிக்கு வந்து, மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்கு நடந்த மிஷன் யார் அதிகாரத்தில் இருக்க வேண்டும் என்று சி.எம்.எஸ். காரர்களோடு பெரிய சண்டை போட்டவர். பேராயருடைய அதிகாரம் என்றால் மிஷனரிகள் எப்படிச் சிலிர்த்துக்கொள்வார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஆனால் குரோதர் கதை இங்கே திரும்பவில்லை. 1920களின் தொடக்கத்தில் தோர்ணக்கல் திருமண்டலம் பெரிதாக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கிருஷ்ணா வட்டாரமும், ராயலசீமையில் நந்தியாலம் பகுதியும் அவருக்குக் கீழே வந்தன. ஆங்கிலேய மிஷனரிகளும் அவருக்குக் கீழே வந்தார்கள். யார் எதைத் தடுக்க நினைத்தார்களோ அது பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடந்தேவிட்டது. அவருடைய உதவிப் பேராயராகவே ஓர் ஆங்கிலேயர் பின்னால் வந்தார்.

மாலா, மாதிகா ஆகிய இரு தாழ்த்தப்பட்ட சமூகத்தாரும்தான் அந்தச் சபைகளின் உயிர். நிலமில்லாதவர்கள், ஊருக்கு வெளியே தனித்தனிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள். அசரியா அவர்களிடையே மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். அவருடைய முறை முழுக்கக் கிராம ஆசிரியர்களைச் சார்ந்தது. பகலில் வயலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இரவில் விளக்கு வைத்துப் பாடம், அதன்பின் எல்லாருக்கும் ஜெபம், பாட்டு. ஆசிரியரே உபதேசியார், அவரே மனு எழுதித் தருபவர், பண்ணையாரிடம் வழக்குப் பேசுபவரும் அவர்தான். 1930களின் நடுவில் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் குருக்களும் அந்தத் திருமண்டலத்தில் இருந்தார்கள். சபையாரின் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. சீனா, ஜப்பான், கொரியா மூன்றிலும் இருந்த ஆங்கிலிக்கன்களைக் கூட்டினாலும் அதற்குக் குறைவுதான்.

ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்ற பவுலின் வசனத்தைச் சொல்லச் சொல்வார். சபையில் சேர்ந்த அன்றைக்கே நீயும் ஊழியக்காரன் என்பது பொருள். வருடத்தில் ஒரு வாரம் சாட்சி வாரம் என்று வைத்து, படிக்காத ஆண்களும் பெண்களும் பாட்டுப் பாடிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். காணிக்கையிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழைதானே, கொடுக்க வேண்டாம் என்று சொல்வதே அவனை இழிவு செய்வது என்று நினைத்தவர் அவர். நெல், கோழி, பிடியரிசி, எதுவானாலும் சரி, கொண்டு வரச் சொன்னார். பெண்கள் நடுவே நடந்த வேலையில் அன்பு அம்மாளின் பங்கு பெரிது.

1939 ஜனவரி 6 அன்று தோர்ணக்கலில் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் தூண்கள், மசூதியை நினைவூட்டும் கும்மட்டங்களும் ஸ்தூபிகளும், தாமரை வேலைப்பாடு எல்லாம் கலந்த கட்டடம். கூர்க்கோபுரம் வைத்த ஆங்கிலேய தேவாலயங்களைப் பார்த்து வளர்ந்தவர் கட்டியது. அதே மனிதர் வழிபாட்டில் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் இந்தியமயமாக்க வேண்டும் என்று பேசிய மேட்டுக்குடிக் கிறிஸ்தவர்கள் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. அவர்கள் 'இந்தியம்' என்று சொல்வது பெரும்பாலும் பிராமணப் பண்பாடாக இருந்தது, மாதிகா வீட்டுப் பறை அதில் சேரவில்லை.

சரி, எண்ணிக்கை பெருகினால் அரசியல் வராமல் இருக்குமா? 1935 அக்டோபரில் மகாராஷ்டிரத்திலுள்ள யேவலாவில் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். எந்த மதத்துக்குப் போவார் என்று நாடே பார்த்தது. காந்தி இந்த மாற்றங்களை, முக்கியமாகக் கூட்டம் கூட்டமாக நடப்பவற்றை, கடுமையாக எதிர்த்தார். 1936இல் அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசும்போது, பசுவுக்குச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டார். தீண்டத்தகாதோரில் சிலர் புரிந்துகொள்ளும் திறனில் பசுவைவிடக் கீழே இருக்கிறார்கள் என்றும் சொன்னார். மிஷனரிகளை மடக்குவதற்காகச் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும் மனதைக் குத்தும் வாக்கியம் அது. கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அசரியா அந்த மக்களிலிருந்து ஆசிரியர்களையும் குருக்களையும் நூற்றுக்கணக்கில் உருவாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இது சொல்லப்பட்டது. தன் மதம் எது என்று தீர்மானிக்கும் உரிமை மாலாவுக்கும் மாதிகாவுக்கும் உண்டு என்பதில் அவர் பின்வாங்கவில்லை.

அவரை ஆங்கிலேய அரசின் ஆள் என்று சொல்லிவிடவும் முடியாது. 1932இல் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு, அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் தனித் தொகுதி கொடுத்தபோது, அதை வெளிப்படையாக எதிர்த்து அறிக்கை விட்டவர் அசரியா. கிறிஸ்தவர்களில் பலர் அதை வரவேற்றிருந்தார்கள். அவருடைய எதிர்ப்பைத் தேசியவாதம் என்று கொண்டாடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சபை ஓட்டு வங்கியாகிவிட்டால் ஞானஸ்நானமே தேர்தல் கணக்காகிவிடும், பிறகு யாரும் சுவிசேஷத்தைக் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள் என்பதுதான் அவருடைய கவலை. காங்கிரஸ்காரர்களின் முடிவும் அவருடைய முடிவும் ஒன்றாக இருந்தன, காரணங்கள் வேறு.

சபைக்குள் சாதியை அவரால் வெல்ல முடிந்ததா? முழுக்க இல்லை. மாலாவும் மாதிகாவும் ஒரே மதம் ஆனார்கள், ஒரே தெரு ஆகவில்லை. இது அவருக்குத் தெரிந்தேயிருந்தது. அம்பேத்கர் அவரிடம், நான் கிறிஸ்தவனானால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சபையாக இருக்க முடியுமா என்று கேட்டதாகவும், அசரியா பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்ததாகவும் திருச்சபை வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

பிரிவினை என்பது அவருக்குச் சாதியில் மட்டும் இல்லை. லண்டன் மிஷன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன் என்று ஐரோப்பாவின் பழைய சண்டைகள் இந்தியக் கிராமங்களில் எல்லைக் கற்களாக நட்டு வைக்கப்பட்டிருந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில், சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே கடற்கரை ஊரில், 33 பேர் கூடினார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். நாங்கள் உண்டாக்காத பிரிவினைகள் எங்களைப் பிரித்து வைத்திருக்கின்றன என்று சொல்லி, ஐக்கியத்துக்கு அறைகூவல் விட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் அசரியா ஒருவர், தென்னிந்திய ஐக்கிய சபையின் வி. சந்தியாகு இன்னொருவர். 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பேசியபோது, கிறிஸ்தவ நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், மற்ற நாடுகளில் அது பாவமும் இடறலும் ஆகும் என்றார்.

பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தது. ஆங்கிலிக்கன்களுக்குப் பேராயர் வழி வந்த பட்டம் வேண்டும். மற்றவர்களோ தங்கள் குருக்களுக்கு மறுபடி கை வைத்துப் பட்டம் கொடுப்பதை அவமானமாக நினைத்தார்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கச் சாய்வுள்ள ஆங்கிலிக்கன்கள் பெரிதாகக் கூச்சல் போட்டார்கள். அசரியா இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்து, முடிவைப் பார்க்காமல் 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இன்று நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது அதைத்தான்.

எல்லாரும் சேரவில்லை. நந்தியாலத்தில் எஸ்.பி.ஜி. மரபில் வந்த சபையார் பெருந்தொகையாக வெளியே நின்றார்கள். அது அசரியாவே பேராயராக இருந்து நடத்திய திருமண்டலத்தின் ஒரு பகுதி. அவர்கள் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தது 1975இல்.